ஏர் ரைஃபிளில் பீப் சைட் பொருத்துதல்: ரயில் அளப்பது முதல் ஜீரோ பிடிப்பது வரை

ஓபன் சைட்டில் (திறந்த பள்ளம் வழியாகக் குறி பார்ப்பது) ஒரு வருடம் சுட்ட பிள்ளை பீப் சைட் (பின்னால் சிறு துளை, முன்னால் வளையம் வழியாகக் குறி பார்ப்பது) பிரிவுக்கு மாறும்போது, வீட்டில் ஒரு செட் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவோ அண்ணனோ மாட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்து, "அண்ணா, பத்து வரவே மாட்டேங்குது" என்று நிற்கும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பெரும்பாலும் சைட்டில் குறை இருக்காது. மாட்டிய வரிசைதான் தப்பாக இருக்கும்.

10 மீட்டர் காகித இலக்கில் சுடும் 4.5 மி.மீ. (.177) ஏர் ரைஃபிளுக்காக இதை எழுதுகிறேன். முனை ஆற்றல் 20 ஜூலுக்கும் துளை 4.5 மி.மீ.க்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. உரிமத்தோடு வைத்திருக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கும் குறி, உயரம், கோணல் பற்றிய கணக்கு இதேதான். ஆனால் அதில் துளை போடுவது, மரை வெட்டுவது எல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையின் வேலை. வீட்டில் கை வைக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: குறி நன்றாக விழுகிறது என்று மாந்தோப்பில் பறவையையோ முயலையோ பார்த்துச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும். நாம் சுடுவது காகிதத்தை மட்டுமே.

1. வாங்கும் முன் ரயிலை அளந்துகொள்ளுங்கள்

ரிசீவரின் (பேரலுக்குப் பின்னால் உள்ள உடல் பகுதி) மேல் நீளவாக்கில் இரண்டு பள்ளம் ஓடும். அதைத்தான் 11 மி.மீ. ரயில் என்கிறோம். பெயர்தான் 11. நடைமுறையில் சில ரைஃபிளில் 9.5 இருக்கும், சிலதில் 13 வரை போகும். பள்ளத்தின் சாய்வும் ஆழமும்கூட மாறும். வெர்னியர் வைத்து முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நான் முதல் செட் வாங்கியபோது அளக்கவில்லை. "எல்லா ரைஃபிளுக்கும் பொருந்தும்" என்று கடையில் சொன்னதை நம்பினேன். கிளாம்பின் பல் பள்ளத்துக்குள் முழுதாக இறங்காமல் விளிம்பில் மட்டும் பிடித்தது. பிடிக்கிறதே என்று இறுக்கினேன். அலுமினிய ரயிலின் விளிம்பு மழுங்கியதோடு, அந்த ரைஃபிளில் வேறு எந்த சைட்டும் நேராக உட்காராமல் போனது.

முன்பக்கமும் பாருங்கள். முன் சைட்டுக்கு பேரலின் மேல் பள்ளம் இருக்கிறதா, அல்லது பேரலைச் சுற்றிப் பிடிக்கும் வளையம் வேண்டுமா? வளையம் என்றால் பேரலின் வெளி விட்டம் வேண்டும். அந்த அளவு சரியாகக் கிடைக்காவிட்டால் ஓசூரில் ஏதாவதொரு நல்ல லேத் பட்டறையில் அளவைக் கொடுத்தால் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். வெறும் "டைட்டா இருக்கணும்" என்று சொல்லாமல், மில்லிமீட்டரில் இரண்டு தசமம் எழுதிய படம் கொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: சரியான அளவு எல்லன் கீ, முனை மழுங்காத ஸ்க்ரூ டிரைவர், வெர்னியர், சிறிய ரசமட்டம், கொத்தனார் தூக்குக்குண்டு, வெள்ளை நூல், நெயில் பாலிஷ், ஒரு நோட்டு. நோட்டை வேண்டாத செலவு என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அதுதான் உதவும்.

2. ரைஃபிள் காலி என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும்

போல்ட்டைத் திறந்து வைத்து, பேரலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நைலான் கயிறு ஒன்றை விட்டு வெளியே தெரியும்படி வையுங்கள். சுடுதளத்தில் பாதுகாப்புக் கொடி என்று போடுவது இதைத்தான். கயிறு இரண்டு பக்கமும் தெரிந்தால் உள்ளே பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை. பிறகு வேறொருவரை அழைத்து அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை பெல்லட் டப்பா அந்த மேசையில் இருக்கக் கூடாது.

ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்காதீர்கள். முன்னால் காற்றின் தடை இல்லாததால் பிஸ்டன் நேராகப் போய் மோதும். ஸ்பிரிங்கும் சீலும் கெடும்.

3. பழைய சைட் இரண்டையும் கழற்றுங்கள்

பின்பக்க ஓபன் சைட் இருந்தால் பீப் வழியாகப் பார்க்கும்போது கீழ்ப்பாதி மறையும். "கொஞ்சம்தான் மறைக்குது" என்று விடுகிறவர்கள் உண்டு. கண் அந்த விளிம்பை அறியாமலே துணைக்கு எடுத்துக்கொள்ளும், குரூப் (பெல்லட்டுகள் கூடி விழும் இடம்) மேலும் கீழுமாகச் சிதறும்.

ஸ்க்ரூ இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். சிறிய டிரைவரை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். கழற்றியதை ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். ஓபன் சைட் போட்டிக்குத் திரும்ப வேண்டி வரலாம்.

4. சைட் மாட்டும் முன் ஸ்டாக் (ரைஃபிளைத் தாங்கும் கட்டை)

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டுகிறார்கள். மொத்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

போன ஆடி மாதம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்பாவோடு வந்தாள். சைட் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. "நான்தாங்க மாட்டினேன், நல்லா டைட்டா இருக்கு" என்றார் அவர். உண்மைதான். பிள்ளை ரைஃபிளைத் தோளில் வைத்து இருபது பெல்லட் சுட்டு இறக்கியபோது, வலது கண்ணைச் சுற்றி பின் சைட்டின் ரப்பர் கப்பின் வளையம் சிவப்பாகப் பதிந்திருந்தது. கன்னம் சீக் பீஸில் (ஸ்டாக்கில் கன்னம் வைக்கும் இடம்) படவே இல்லை. தலையை முன்னே நீட்டி, கழுத்தை வலப்பக்கம் சாய்த்து, கண்ணை ரப்பரில் அழுத்தித்தான் அவளால் துளையைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் கழுத்து வேறு இடத்தில் நின்றது, பெல்லட்டும் வேறு இடத்தில் விழுந்தது.

கண் இயல்பாக வந்து நிற்கும் இடத்துக்கு சைட் வர வேண்டும். சைட்டைத் தேடிக் கண் போகக் கூடாது. அந்த இடத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள்:

பின் சைட் இல்லாமலே ரைஃபிளைத் தோளில் வைத்து நிற்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள். கன்னத்தை முழு எடையோடு சீக் பீஸில் இறக்கி, இரண்டு மூச்சு விட்டபின் கண் திறக்கட்டும். பக்கத்தில் நிற்பவர் கண்மணியின் நடு ரயிலுக்கு மேல் எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது, ரயிலின் பின்முனையிலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தும் 2, 3 மில்லிக்குள் வந்தால் சரி. அதற்கு மேல் மாறினால் பட் (தோளில் படும் பின்பகுதி) நீளமோ சீக் பீஸ் உயரமோ ஒத்துவரவில்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள். சீக் பீஸ் நகராத மர ஸ்டாக் என்றால், உயரம் பத்தாதபோது ஃபோம் ஷீட்டை அடுக்கி டேப் சுற்றலாம்.

வளரும் பிள்ளைகளுக்கு இதை நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். கை நீள நீளக் கன்னம் பின்னுக்கு நகரும்.

5. முன் சைட்

முன் சைட்டை முதலில் மாட்டுவதற்குக் காரணம், அதற்கு உயரம் மாற்றும் வசதி பெரும்பாலும் கிடையாது. மாறாததை முதலில் நிறுத்திவிட்டு, மாறுவதை அதற்கேற்பக் கொண்டுவர வேண்டும்.

ரைஃபிளை மேசையில் இரண்டு மணல் பைகளின் மேல் வைத்து, ரயிலின் குறுக்கே ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவுக்கு வரும்வரை சரிசெய்யுங்கள். பிறகு முன் சைட்டை மாட்டி, அதன் தண்டு நேராக நிற்கிறதா என்று பின்னால் தொங்கும் தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிடுங்கள். பேரலைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்தில் இந்தச் சோதனை கட்டாயம். அது எந்தக் கோணத்திலும் உட்காரும்.

அடுத்தது முன் சைட்டின் உள்ளே போடும், குறி பார்க்கும் வளையத்தின் அளவு. 10 மீட்டர் ரைஃபிள் இலக்கின் கருப்பு வட்டம் 30.5 மி.மீ. கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் இடையே 90 செ.மீ. இருந்தால், அந்தக் கருப்பு முன் சைட்டில் எவ்வளவாகத் தெரியும்? 30.5-ஐ 0.9-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.7 மி.மீ. வளையம் இதைவிடப் பெரிதாக இருந்து சுற்றிலும் வெள்ளை தெரிய வேண்டும். புதியவர்களுக்கு நான் 3.8 அல்லது 4.0 போடச் சொல்வேன்.

"சின்ன வளையம் போட்டால் துல்லியம் கூடும்" என்று 3.2 போட்டுக்கொண்டு வருகிறார்கள். வெள்ளைக் கோடு மெல்லிசாகிவிட்டால் கருப்பு எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று கண் தடுமாறும். அதைச் சரிபார்க்கவே ஏழெட்டு விநாடி போய்விடும், அதற்குள் கை ஆடத் தொடங்கும். வெள்ளை தாராளமாக இருந்தால் நடுவைக் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

6. பின் சைட் எவ்வளவு உயரம்

மேட்ச் ஏர் ரைஃபிளிலிருந்து பெல்லட் நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 10 மீட்டர் போவதற்குள் 17, 18 மி.மீ. கீழே இறங்கிவிடும். அதோடு சைட் பேரல் துளைக்கு மேலே இருக்கிறது. இந்த இரண்டையும் ஈடுகட்ட, பின் துளை முன் வளையத்தைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும்.

எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. முன் வளையத்தின் நடு பேரல் துளையின் நடுவிலிருந்து 25 மி.மீ. மேலே இருக்கிறது, இரண்டு சைட்டுக்கும் இடையே 700 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25-ம் 18-ம் 43. அதை 700-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 3 மி.மீ. பின் சைட்டை மேலும் கீழும் நகர்த்தும் திருகு அதன் நடுப்பகுதியில் நிற்கும்போது துளை இந்த 3 மி.மீ. உயரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், மீதியைக் கிளிக் (திருகு ஒவ்வொரு படியாக நகர்வது) பார்த்துக்கொள்ளும்.

அளக்க நம்ம ஊரில் ஒரு வசதி இருக்கிறது. பாலிஷ் போட்ட கிரானைட் பலகையைவிடச் சமதளமான மேசை வேண்டுமா என்ன? பலகையை ரசமட்டம் வைத்துச் சமமாக்கி, அதன் மேல் ரைஃபிளை வைத்து, பேரலையும் நீளவாக்கில் மட்டமாக்குங்கள். பேரலின் கீழ் விளிம்பையும் மேல் விளிம்பையும் பலகையிலிருந்து அளந்தால் இரண்டுக்கும் நடுதான் துளையின் நடு. பிறகு முன் வளையத்தின் நடு, பின் துளையின் நடு. எல்லாம் ஒரே பலகையிலிருந்து அளப்பதால் தப்பு வராது.

பின் சைட் தாழ்ந்திருந்தால் அடியில் ரைசர் (உயர்த்தும் கட்டை) வேண்டும். உயர்ந்திருந்தால் முன் சைட்டை உயர்த்த வேண்டும். 4-ஆம் படியில் குறித்த கண் உயரத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். அது துளையைவிட 10 மி.மீ. மேலே இருந்தால் முன், பின் இரண்டுக்கும் ஒரே உயர ரைசர் போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் பெல்லட் இலக்குக் காகிதத்தில்கூட விழாது.

7. பின் சைட் எவ்வளவு தூரம்

ரப்பர் கப்புக்கும் புருவத்துக்கும் இடையே 5 முதல் 10 செ.மீ. வரை வைப்பது பொதுவான அளவு. 4-ஆம் படியில் குறித்த தூரம் இங்கே உதவும். ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் அது முன்னும் பின்னும் துள்ளும், அதனால் இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் அளக்க வேண்டும்.

8. கோணல்

சைட் ரயிலில் கோணலாக உட்கார்ந்தால், நீங்கள் மேலே என்று கொடுக்கும் கிளிக் குறியைப் பக்கவாட்டிலும் இழுத்துக்கொண்டு போகும். கிளாம்பின் ஒரு பக்கத்தில் தூசியோ பிசிறோ இருந்தாலே போதும். மாட்டுவதற்கு முன் பள்ளத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள்.

சுடும்போது ரைஃபிளே சாய்வது வேறு விஷயம். 5 டிகிரி சாய்ந்தால் 10 மீட்டரில் பெல்லட் அந்தப் பக்கம் ஒன்றரை மி.மீ. போகும். பத்தாம் வளையத்தின் விட்டமே வெறும் 0.5 மி.மீ., ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மி.மீ. என்று நினைத்துப் பார்த்தால் இது சின்னப் பிழை இல்லை. சிலர் வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பார்கள். தினமும் ஒரே அளவு சாய்வு இருந்தால் தப்பில்லை. புதியவர்கள் நேராகவே பழகட்டும்.

9. இறுக்குவது

இரண்டு ஸ்க்ரூ இருந்தால் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். இது கொஞ்சம், அது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. எல்லன் கீயின் நீண்ட கையை ஸ்க்ரூவில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். விரல் நிற்கிற இடத்தில் வேலையும் நிற்கட்டும். குழாய் மாட்டி நெம்புவது கூடவே கூடாது.

ஸ்பிரிங் ரைஃபிளில் எவ்வளவு இறுக்கினாலும் துள்ளலில் சைட் ரயிலில் நகரும். ரயிலில் ஸ்டாப் பின் (சைட் நகராமல் தடுக்கும் ஊசி) துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சைட்டுக்குப் பின்னால் தனி ஸ்டாப் ஒன்றைக் கடியுங்கள். முடிந்ததும் சைட்டிலிருந்து ரயிலுக்கு ஒரு கோடு வருகிற மாதிரி நெயில் பாலிஷ் வையுங்கள். கோடு உடைந்திருந்தால் நகர்ந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரியும்.

10. சுடும் இடம்

மேசைக்கு நல்லது என்று சொன்ன அதே கிரானைட்டை இலக்குக்குப் பின்னால் வைக்காதீர்கள். நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரு துண்டு கிரானைட் கிடக்கும், அதை நிறுத்திவிட்டு அதன் மேல் காகிதத்தை ஒட்டுகிறார்கள். ஈயம் கல்லில் பட்டுச் சிதறி, சுட்டவரை நோக்கியே திரும்பி வரும். மரப்பெட்டிக்குள் பழைய துணியை நெருக்கி அடைத்து, அதன் பின்னால் கீழ்நோக்கிச் சாய்ந்த 3 மி.மீ. இரும்புத் தகடு வையுங்கள். சுடுகிறவரும் பக்கத்தில் நிற்கிறவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும்.

11. ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே பெல்லட் விழும்படி சைட்டைச் சரிசெய்வது)

எடுத்ததும் 10 மீட்டரில் நிற்காதீர்கள். 5 மீட்டரில் பெரிய வெள்ளைக் காகிதம், நடுவில் கருப்பு வட்டம். மணல் பையில் ரைஃபிளை வைத்து ஐந்து பெல்லட். எங்கே கூடி விழுகிறது என்று தெரிந்தபின் 10 மீட்டருக்குப் போங்கள். முதலிலேயே 10 மீட்டரில் சுட்டு, பெல்லட் எங்கே போனது என்றே தெரியாமல் கண்டபடி கிளிக் திருப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கமே குறி நகரும். ஆனால் திருகில் போட்டிருக்கும் எழுத்தையும் அம்பையும் நம்பிவிடாதீர்கள். சில சைட்டில் அம்பு, குறி போகும் திசையைச் சொல்லும். சிலதில், "பெல்லட் இந்தப் பக்கம் விழுந்தால் இப்படித் திருப்பு" என்று அர்த்தம். இரண்டும் நேர் எதிர். அதனால் சோதித்துப் பாருங்கள்: ஐந்து பெல்லட் சுடுங்கள், உயரத் திருகில் 10 கிளிக் கொடுங்கள், அதே இடத்தைப் பார்த்து இன்னும் ஐந்து. இரண்டு குரூப்பின் நடுவுக்கும் இடையே அளந்து 10-ஆல் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு எத்தனை மில்லி என்று வரும். நோட்டில் எழுதுங்கள்.

இந்தச் சோதனைக் காகிதத்தில் முன்கூட்டியே தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்துக் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். குரூப் அந்தக் கோட்டோடு ஏறினால் சைட் நேராக இருக்கிறது. சாய்வாக ஏறினால் 8-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

ஒரே ஒரு பெல்லட்டைப் பார்த்து கிளிக் திருப்புவதுதான் அடிக்கடி பார்க்கும் தப்பு. எட்டில் விழுந்ததா, உடனே இரண்டு கிளிக். அடுத்தது எதிர்ப்பக்கம் எட்டு, திரும்ப இரண்டு கிளிக். அந்த முதல் எட்டு விசையை இழுத்ததில் வந்திருக்கும். ஐந்து பெல்லட்டின் நடுவை மட்டும் பாருங்கள். திருகில் கொஞ்சம் தளர்வு எப்போதும் இருக்கும் என்பதால், கீழே வர வேண்டுமானால் இரண்டு கிளிக் கூடவே இறங்கி, பிறகு இரண்டு ஏறி நிறுத்துங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கட்டும்.

12. வெளிச்சம்

காலையில் பிடித்த ஜீரோ மதியம் மாறினால் சைட்டைக் குறை சொல்லாதீர்கள். தகரக் கொட்டகையில் மேற்குப் பக்கத் திறப்பிலிருந்து வெயில் முன் சைட்டின் மேல் ஒரு பக்கமாக அடித்தால் வளையத்தின் ஒரு பக்கம் பளபளக்கும், கண் நடுவைத் தவறாக எடுக்கும். அந்தத் திறப்பைச் சாக்கால் மூடி, இலக்கின் மேல் மட்டும் விளக்கு போடுங்கள். பின் துளை 1.1, 1.2 மி.மீ. அளவில் தொடங்கலாம். மங்கலான கொட்டகையில் கொஞ்சம் பெரிதாக்க வேண்டிவரும். கருப்பின் விளிம்பு கூர்மையாகத் தெரியும் மிகப் பெரிய துளை எதுவோ, அதுவே போதும்.

13. போட்டிக்குக் கொண்டுபோகும்போது

தொப்பூர் மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு சேலம் போய் இறங்கினால் ஜீரோ அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பின் சைட் சட்டென்று கழலும் வகை என்றால் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். மாட்டும்போது நெயில் பாலிஷ் கோட்டோடு சேர்த்து, எப்போதும் முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி இறுக்குங்கள். உயரம், பக்கம் இரண்டு திருகின் எண்ணையும் கிளம்பும் முன் நோட்டில் எழுதி, அங்கே போய் ஒப்பிடுங்கள். போட்டிக்கு முன் 15 நிமிடம் தயாராவதற்கும் சோதனைச் சுடலுக்கும் கிடைக்கும். முதல் ஐந்து பெல்லட்டை எந்தக் கிளிக்கும் தொடாமல் சுடுங்கள். அதற்குப் பிறகுதான் திருகில் கை போக வேண்டும்.